பட்டாசு விற்பனையில் கடையும் இணையமும்: சிவகாசி வட்டார வரலாறு

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் எம். புதுப்பட்டி. இதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பட்டாசு ஆலைகளும், அவற்றை ஒட்டிய விற்பனைக் கடைகளும் உள்ளன. அரிசி முதல் அலமாரி வரை எதையும் கைப்பேசியில் வாங்கிவிடலாம் என்று ஆகிவிட்ட இக்காலத்தில், இங்கே செய்யப்படும் பட்டாசுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்பு சிவகாசியின் பெயரைத் தாங்கிய இணையதளங்கள் ஏராளமாக முளைக்கின்றன. அவற்றின் வழியே பட்டாசு வாங்குவோரும் குறையவில்லை. கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா என்ற கேள்வி மற்ற பொருள்களுக்கு வசதியையும் விலையையும் பற்றியது. பட்டாசைப் பொறுத்தவரை, வழியில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. இந்த நிலை எப்படி உருவானது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

தொழிலின் தொடக்கம்

சிவகாசி மழை குறைந்த கரிசல் பகுதி. விவசாயத்தை நம்ப முடியாத இவ்வூரிலிருந்து 1922இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டனர். திரும்பி வந்து 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். வெயிலும் வறண்ட காற்றும் குச்சிகளைக் காயவைக்க உதவின. 1927இல் விருதுநகர் - தென்காசி இரயில் பாதை சிவகாசி வழியாக அமைந்தபின் சரக்குகளை வெளியூருக்கு அனுப்புவது எளிதாயிற்று. தீப்பெட்டியின் மேல் ஒட்ட வண்ண லேபிள்கள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழிலும் உடன் வளர்ந்தது. பிற்காலத்தில் பட்டாசு விலைப்பட்டியல்களை அச்சிட்டதும் இதே அச்சகங்கள்தாம்.

அதுவரை வெடிகளும் மத்தாப்புகளும் பெருமளவில் வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர் அந்த வரத்தைத் தடுத்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வகுக்கப்பட்டு, உரிமம் பெற்று வாணவெடிகள் செய்ய வழி பிறந்தது. சிவகாசியில் முறையான பட்டாசு ஆலைகள் அந்த ஆண்டிலிருந்து தோன்றலாயின. இன்று விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் உள்ளன. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது.

உரிமம் பெற்ற இடம்

பட்டாசு விற்பனை தொடக்கத்திலிருந்தே ஓர் இடத்தோடு கட்டப்பட்டது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் வந்த விதிகளும் உரிமத்தைக் குறிப்பிட்ட கட்டடத்துக்கும் குறிப்பிட்ட அளவுக்குமே தருகின்றன. மளிகைக்கடைக்காரர் கடையை எதிர்த் தெருவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பட்டாசுக் கடைக்காரர் அப்படி மாற்ற முடியாது. இடம் மாறினால் மீண்டும் அனுமதி பெற வேண்டும்.

பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளுக்கு 2008 விதிகள் கூறும் நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. கொட்டகை எளிதில் தீப்பிடிக்காத பொருளால் அமைய வேண்டும். கடைக்கும் கடைக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி, குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தொலைவு இருக்க வேண்டும். கடைகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு ஏற்றக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. ஒரு கடையில் நேரும் தீ அடுத்த கடைக்குத் தாவுவதைத் தடுப்பதே இவற்றின் நோக்கம். தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டாசு அடுக்கியிருப்பதைப் பார்க்கும் மாணவர்கள், இந்த அளவுகளை ஒருமுறை மனத்தால் அளந்து பார்க்கலாம்.

சென்னையில் பாரிமுனைப் பகுதியின் நெருக்கமான தெருக்களில் நடந்துவந்த பட்டாசு வியாபாரம் பின்னாளில் தீவுத்திடலுக்குப் போனதற்கும் இதே அச்சமே காரணம்.

கடைக்கு வராமலே வாங்கியவர்கள்

இணையம் வருவதற்கு முன்பும் எல்லோரும் கடைக்குப் போய்ப் பட்டாசு வாங்கவில்லை. மாதந்தோறும் சிறு தொகை கட்டி, தீபாவளிக்கு முன்பு பட்டாசுப் பெட்டியும் இனிப்பும் பெற்றுக்கொள்ளும் தீபாவளிச் சீட்டு தமிழகம் முழுவதும் பரவியிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் பட்டியலைச் சுற்றுக்கு விட்டுப் பெயர் எழுதி வாங்கி, மொத்தமாகச் சிவகாசிக்கு ஆர்டர் கொடுப்பதும் வழக்கம். கூட்டுறவுப் பண்டகசாலைகள் பண்டிகைக்கால விற்பனை நடத்தின. உறவினர் யாராவது சிவகாசிப் பக்கம் போனால் அவரிடம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொல்வதும் உண்டு.

இந்த வழிகளில் எல்லாம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே தெரிந்த முகம் ஒன்று இருந்தது. சீட்டு பிடித்தவர் பக்கத்துத் தெருக்காரர். பட்டியல் எழுதியவர் அடுத்த மேசைக்காரர். புஸ்வாணம் நமத்துப் போயிருந்தால் கேட்க ஆள் இருந்தது. (சீட்டு பிடித்தவரே ஊரைவிட்டு ஓடிய கதைகளும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.)

புத்தகம், மருந்து, கைக்கடிகாரம் எல்லாம் வி.பி.பி. மூலம் வீடு தேடி வந்த காலத்திலும் பட்டாசு அப்படி வரவில்லை. வெடிபொருள்களை அஞ்சலில் அனுப்புவதை 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் தடைசெய்திருந்தது. பயணிகள் இரயிலில் எடுத்துச் செல்வதும் குற்றம். 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், 164ஆம் பிரிவில், ஆபத்தான பொருள்களைச் சட்டவிரோதமாகக் கொண்டுவருவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை கூறுகிறது. ஆகவே சிவகாசிச் சரக்கு வெளியூர் போகச் சட்டப்படி எஞ்சியிருந்த முக்கிய வழி லாரி. இன்றும் அதுவே வழி. இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் பெட்டி வருவது சாலையில்தான்.

தள்ளுபடி என்னும் கணக்கு

சிவகாசிப் பட்டாசின் விலையைப் புரிந்துகொள்ளாமல் இணைய விற்பனை ஏன் பெருகியது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலைக்கும் உண்மையில் கைமாறும் விலைக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. ‘50 சதவீதம் தள்ளுபடி’ என்று தொடங்கிய விளம்பரங்கள் இன்று 80, 90 சதவீதம் வரை வந்துவிட்டன.

எடுத்துக்காட்டாக, ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஓர் இணையதளத்தில் பெட்டியின் விலை 1,000 ரூபாய், 80 சதவீதம் தள்ளுபடி. வாங்குபவர் தருவது 200 ரூபாய். உள்ளூர்க் கடையில் விலை 500 ரூபாய், 60 சதவீதம் தள்ளுபடி. அங்கும் 200 ரூபாய்தான். தள்ளுபடி சதவீதம் எதையும் சொல்வதில்லை. கையிலிருந்து போகும் தொகையையும், பெட்டிக்குள் எத்தனை உருப்படி, எந்த அளவில் இருக்கிறது என்பதையும்தான் ஒப்பிட வேண்டும். இணையத்தில் வாங்கினால் பேக்கிங் கூலி, லாரி வாடகை ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டது; அவ்வாண்டு நவம்பரில் 18 சதவீதமாகக் குறைந்தது. பில் இல்லாமல் விற்பவர் இந்த வரியைக் கட்டுவதில்லை. சில தளங்களின் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், சரக்கே இல்லாமல் இருப்பது. அதைப் பின்னர் காண்போம்.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு

காற்று மாசு தொடர்பாகக் குழந்தைகள் சிலரின் பெயரில் தொடரப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் ஆகியோர் தீர்ப்பளித்தனர். பட்டாசை முற்றிலும் தடைசெய்ய அவர்கள் மறுத்தனர். புகையும் ஒலியும் குறைந்த பட்டாசுகளை மட்டுமே செய்யலாம், சரவெடி கூடாது, பேரியம் உப்புகள் கூடாது, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றனர். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி வெடிக்கும் தமிழ்நாட்டுக்கு இந்த நேரம் பொருந்தவில்லை. மாநில அரசு முறையிட்டதையடுத்து, இரண்டு மணி நேரத்தை மாநிலமே தேர்ந்துகொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று தமிழ்நாடு வகுத்துக்கொண்டது.

நேரக் கட்டுப்பாடு செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டதால், அதே தீர்ப்பில் விற்பனை பற்றி இருந்த பகுதி பலர் கண்ணில் படவில்லை. உரிமம் பெற்ற வணிகர்கள் மூலம் மட்டுமே பட்டாசு விற்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஃப்ளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட மின்வணிகத் தளங்கள் இணைய ஆர்டர் எதையும் ஏற்கக் கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும், அபராதமும் விதிக்கப்படலாம். தடைசெய்யப்பட்ட பட்டாசு ஓரிடத்தில் விற்கப்பட்டால் அப்பகுதிக் காவல் நிலைய அதிகாரியே நேரடிப் பொறுப்பு.

கடைசி வரியில்தான் முழுக் கருத்தும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடை ஏதாவது ஒரு காவல் நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும். இணையதளம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் இருக்கிறது? எந்தப் பட்டாசு விற்கப்படுகிறது என்று போய்ப் பார்க்க ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவைத் தக்கவைக்கும் முயற்சியாக இத்தடையைக் காணலாம்.

சிவகாசியில் தீர்ப்பு வேறு விதமாக உணரப்பட்டது. பேரியம் இல்லாமல் பச்சை நிற ஒளியையும் பல வகை மத்தாப்புகளையும் எப்படிச் செய்வது என்று தெரியாமல் ஆலைகள் திகைத்தன. 2018 நவம்பரிலிருந்து பல ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி, ‘பசுமைப் பட்டாசு’ வாய்பாடுகளை உருவாக்கித் தந்த பின்பே உற்பத்தி படிப்படியாகச் சீரடைந்தது. பெட்டிகளில் பசுமைப் பட்டாசுக்கான சின்னமும் கியூ.ஆர். குறியீடும் அச்சிடப்பட்டன. 2021 அக்டோபர் 29 அன்று பேரியம், சரவெடித் தடைகளை உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

விலை விசாரிக்கும் பொத்தான்

தீர்ப்புக்குப் பின் பெரிய மின்வணிக நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. சிறிய தளங்கள் ஒதுங்கவில்லை, பெயரை மாற்றிக்கொண்டன. இத்தகைய தளங்கள் பலவற்றின் முதல் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே அறிவிப்பு இருக்கும். 2018 தீர்ப்பின்படி இணையத்தில் பட்டாசு விற்க அனுமதியில்லை; நாங்கள் சட்டத்தை மதிக்கிறோம்; வேண்டியவற்றைத் தேர்ந்து ‘விசாரணை’யாக அனுப்புங்கள்; 24 மணி நேரத்தில் வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்வோம் என்பது அதன் சாரம். அதற்குக் கீழே பொருள்கள், விலை, தள்ளுபடி, கூடை எல்லாம் வழக்கம்போல இருக்கும். பணம் செலுத்தும் பக்கம் மட்டும் இராது. பின்னர் தொலைபேசியில் பேசி, கைப்பேசி வழியே பணம் அனுப்பியதும், சரக்கு லாரி அலுவலகத்துக்குப் போகும்.

2020இல் கொரோனா ஊரடங்குக் காலம் இந்த வழக்கத்துக்கு மேலும் வலுவூட்டியது. கூட்டத்தில் போய் நிற்க அஞ்சியவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலை நம்பினர்.

விசாரணைப் பொத்தானின் பின்னால் உண்மையான உரிமம் பெற்ற கடைகளும் இருக்கின்றன. அவை பில் தருகின்றன. உரிம எண்ணைக் கேட்டால் சொல்கின்றன. ஆனால் இம்முறை வாங்குபவரின் கையிலிருந்த ஒன்றைப் பறித்துவிட்டது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவர் தம் பெயரையும் முகவரியையும் குறைதீர் அதிகாரியின் விவரத்தையும் தளத்தில் தர வேண்டும் என்கின்றன. ‘நாங்கள் விற்கவே இல்லை, விசாரணைதான் பெற்றோம்’ என்று சொல்பவரிடம் அந்த விதியைக் காட்டி வாதிடுவது எளிதல்ல. பல நேரங்களில் கிடைப்பது பில்லும் அல்ல, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு தாள். சட்டத்தைச் சுற்றிப் போகும் வழி, விற்பவரைக் காப்பாற்றும் அளவுக்கு வாங்குபவரைக் காப்பதில்லை.

இந்த இடைவெளியில் மோசடிக்காரர்களும் புகுந்தனர். சமூக ஊடகங்களில் கவர்ச்சியான தள்ளுபடி விளம்பரம், உண்மையான கடையின் பெயரைப் போலவே ஒரு பெயர், சிவகாசி முகவரி, விரைவில் பதிலளிக்கும் வாட்ஸ்அப் எண். பணம் போனபின் எண் அணைந்துவிடும். 2024 தீபாவளியை ஒட்டித் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு இத்தகைய போலித் தளங்கள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஏமாந்தவர்கள் 1930 என்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். தாமதமின்றிச் செய்தால் பணம் மேலும் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு. ஆனால் தடைசெய்யப்பட்ட வழியில் வாங்கினோமே என்ற தயக்கத்தில் புகார் செய்யாமல் விடுவோரும் இருக்கக்கூடும்.

கடையும் பாதுகாப்பானதா?

இணையத்தைக் குறைகூறிவிட்டுக் கடையைப் புகழ்வது எளிது. இந்த வட்டாரத்தின் அனுபவம் அதற்கு இடம் தரவில்லை.

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி பைபாஸ் சாலையில் ஒரு பட்டாசுக் கடையில் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அடுத்திருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்தது. பட்டாசுக்கும் தமக்கும் தொடர்பே இல்லாதவர்கள், பரிசோதனைக்காக வந்து அமர்ந்திருந்தவர்கள், மூச்சுத் திணறி இறந்தனர். அன்று 8 பேர் உயிரிழந்தனர்.

2023 அக்டோபர் 7 அன்று பெங்களூரு - ஓசூர் சாலையில் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பண்டிகைக்கால வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். பத்தே நாளில், அக்டோபர் 17 அன்று, எம். புதுப்பட்டிக் காவல் நிலைய எல்லைக்குட்பட்ட ரெங்கபாளையத்தில் ஆலையை ஒட்டிய பட்டாசுக் கடையில் வெடிவிபத்து நேர்ந்தது. தீபாவளிக்கான பரிசுப் பெட்டிகளில் பட்டாசுகளை அடுக்கும் வேலை அங்கு நடந்துகொண்டிருந்தது. பட்டாசை வெடித்துச் சோதித்தபோது பறந்த பொறி உள்ளே விழுந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. 13 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள்.

இவ்விபத்துகள் நடந்தவை இணையதளத்தில் அல்ல, கடைகளில். ஆனால் கடைக்கும் இணையத்துக்கும் இடையே கோடு போடுவதும் இங்கே கடினம். பரிசுப் பெட்டி எந்த வழியில் விற்றாலும் யாரோ ஒருவர் அதைக் கையால் அடுக்க வேண்டும். பத்து வாரத்துக்குள் முடிய வேண்டிய ஆர்டர் அவசரம், வெடிமருந்து உள்ள இடத்திலேயே பேக்கிங் செய்யும் வழக்கம், அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கை அடுக்கும் ஆசை ஆகியவை இரு வழிக்கும் பொது. வாடிக்கையாளர் முன் வெடித்துக் காட்டும் பழக்கம் கடைக்கு மட்டும் உரியது.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

சிவகாசிக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கேள்வி எளிது. ஆலைக் கடைக்கு நேரில் போய், உரிமத்தைச் சுவரில் பார்த்து, பெட்டியிலுள்ள குறியீட்டைச் சோதித்து, பில் வாங்கிவரலாம். ‘ஒன்றை வெடித்துக் காட்டுங்கள்’ என்று மட்டும் கேட்காமலிருப்பது நல்லது.

சென்னையிலோ கோவையிலோ இருப்பவர், நேரில் போனால் பாதி விலை என்று கருதிக் காரில் சிவகாசி வருவதும் உண்டு. எரிபொருள், சுங்கக் கட்டணம், ஒரு நாள் உழைப்பு இவற்றைக் கணக்கிட்டால், சில ஆயிரம் ரூபாய்ப் பட்டாசுக்கு அது லாபமாக இருப்பதில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால்தான் கட்டும். அப்போதும், டிக்கி நிறையப் பட்டாசோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு 500 கிலோமீட்டர் ஓட்டுவது என்ன வகைச் சிக்கனம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ஊரிலுள்ள கூட்டுறவுப் பண்டகசாலையும் உரிமம் பெற்ற திடல் கடைகளும் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் மேல். அந்தக் கூடுதல் தொகையில் உரிமக் கட்டணமும், வரியும், நிபந்தனைப்படி வந்த லாரியின் வாடகையும் அடங்கியிருக்கின்றன.

உச்ச நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. 2025 அக்டோபர் 15 அன்று தலைநகர் தில்லி வட்டாரத்தில் தீபாவளியை ஒட்டிச் சில நாள்களுக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோதும், குறிப்பிட்ட இடங்களில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே விற்கலாம் என்றும், மின்வணிகத் தளங்கள் வழியே பட்டாசு வரக் கூடாது என்றும் கூறியது. தமிழ்நாட்டிலோ, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே லாரி அலுவலகங்களின் வாசலில் இணையத்தில் ‘விசாரித்தவர்கள்’ ரசீதோடு நிற்கிறார்கள். அட்டைப் பெட்டியின் மேல் பெறுபவர் பெயரும் கைப்பேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கும். அனுப்புபவர் பெயரும் உரிம எண்ணும் சில பெட்டிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.